காலடியில் ஓர் ஏரி

உத்திரமேரூருக்கு வெளியூரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கல்வெட்டைப் பார்ப்பதற்காகவே போவார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலைச் சாசனங்கள் அவ்வளவு பிரசித்தி பெற்றவை. நானும் அந்த எண்ணத்துடனேதான் சென்ற ஆவணி மாதத்தில் புறப்பட்டேன். ஆனால் கல்வெட்டைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, வழியில், என் காலடியில் ஓர் ஏரியைக் காணும்படி நேர்ந்துவிட்டது. அந்த ஏரியையும், அதை வடித்த விதத்தையும் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். கார் வைத்திருக்கும் நேயர்களுக்கு இது பயன்படும். கார் இல்லாத நேயர்களும் பிறருடைய காரில் ஏறத்தான் நேருமாகையால், அவர்களும் படிப்பதில் நஷ்டமில்லை.

வழியில் கேட்ட ஓசை

என் தமக்கை வாழ்க்கைப்பட்டிருப்பது உத்திரமேரூரில். தமக்கையின் கணவர் வாடகைக்குக் கார் ஓட்டி ஜீவனம் நடத்துகிறவர். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று அவ்வூராருக்கு எந்தப் பிரயாணம் வந்தாலும் மாமாவின் வண்டியைத்தான் முதலில் தேடுவார்கள். ரயிலில் வந்து இறங்கிய என்னை அழைத்துப் போவதற்காக அவர் செங்கற்பட்டுக்கு வந்திருந்தார். வெளியே ஆவணி வெயில். காற்றிலோ ஒரே புழுக்கம். முன்னாசனத்தில் இடது பக்கம் அமர்ந்து, ஏ.ஸி. காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, "ஆகா!" என்றேன்.

அந்த "ஆகா" அதிக நேரம் நீடிக்கவில்லை. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் டாஷ்போர்டுக்குள்ளே குடத்துத் தண்ணீர் அலம்புவது போல ஓர் ஓசை கேட்டது. ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி வைத்தது போன்ற ஒரு வாடையும் வீசிற்று. அடுத்த வளைவில் சில்லென்று ஏதோ என் பாதத்தில் விழுந்தது. குனிந்து பார்த்தால், கால் விரிப்பின் மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது!

"மாமா, வண்டிக்குள் மழை பெய்கிறதே!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பத்து நாளாக மழையே இல்லை, மாப்பிள்ளை. ஆனால் நாலு நாளாக இந்தத் தொல்லை. பக்கத்து ஊரில் ஒரு ரிப்பேர்க் கடையில் காட்டினேன். கூலிங் காயில் கெட்டுவிட்டது, டாஷ்போர்டு முழுவதையும் கழற்றிப் புதிதாய்ப் போடவேண்டும் என்கிறார்கள். ஒரு மாதச் சம்பாத்தியம் அதற்கே போய்விடும்போல இருக்கிறது" என்றார்.

அதைக் காட்டிலும் அவருக்கு இருந்த கவலை வேறு. மறுநாள் விடியற்காலையில் பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு பாட்டியம்மாளைச் செங்கற்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு ஆஸ்துமா. இரண்டு நாளைக்கு முன் இதே வண்டியில் ஏறிய பத்தாவது நிமிஷத்தில் இருமலும் இழுப்பும் வந்துவிட்டனவாம். ஈரத்தில் பிடித்த பூஞ்சையின் வாடை ஆரோக்கியமானவர்களுக்கு வெறும் அருவருப்பு. ஆஸ்துமாக்காரர்களுக்கோ அதுவே உபத்திரவம். ஏ.ஸி.யைப் போடாமல் போகலாமென்றால் சாலையில் கல் ஏற்றிய லாரிகள் கிளப்பும் தூசி. இருபுறமும் இடிதான்!

அக்காவின் சாட்சியம்

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அக்கா என்னை வரவேற்றுக் க்ஷேமலாபங்களை விசாரித்தாள். பிறகு வண்டியின் சங்கதியைக் கேட்டதும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"எனக்கு யந்திர விஷயமெல்லாம் தெரியாது, தம்பி. ஆனால் ஒன்று சொல்லுகிறேன். முன்பெல்லாம் இவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அடியிலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து என் கோலத்தை அழித்துவிடும். அதற்காக எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! இந்த நாலைந்து நாளாகக் கோலம் அழியவே இல்லை. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் இருந்தேன்."

மாமா திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். எனக்கும் சட்டென்று விஷயம் விளங்கிற்று. வெளியே சொட்டவேண்டிய தண்ணீர் வெளியே சொட்டவில்லை. ஆகையால்தான் உள்ளே சொட்டுகிறது. கூலிங் காயிலுக்கு ஒரு கேடும் வந்திருக்க வேண்டியதில்லை. வடிகால் குழாய் அடைபட்டிருந்தாலே போதும்!

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஏ.ஸி. யந்திரத்தில் நாம் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லையே, பின் தண்ணீர் எப்படி வருகிறது என்று சிலர் கேட்கலாம். காற்றிலிருந்துதான் வருகிறது. குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பைக் கூடத்தில் வைத்தால் அதன் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே சங்கதிதான். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள், மெல்லிய அலுமினியத் தகடுகளை அடுக்கி அமைத்த ஒரு சட்டம் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைக் கூலிங் காயில் என்பார்கள். அது உறைநிலைக்குச் சற்று மேலான குளிர்ச்சியில் இருக்கும். விசிறி தள்ளும் காற்று அதன் ஊடே செல்லுகையில் காற்றிலுள்ள நீராவி தகடுகளில் துளித்துளியாகப் படிந்து வழிகிறது.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிடுவதும் கஷ்டமில்லை. 35 டிகிரி உஷ்ணத்தில், நூற்றுக்கு 50 பங்கு ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 20 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 10 டிகிரிக்குக் குளிரச் செய்தால் அதனால் சுமார் 9 கிராம்தான் தாங்க முடியும். மீதி 10 கிராமுக்கு மேல் நீராக இறங்கியே தீரவேண்டும். இவ்விதம் 100 கன மீட்டர் வெளிக்காற்று காயிலைக் கடந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்ந்துவிடும். இவ்வளவும் பெட்டியின் அடித்தட்டில் இறங்கி, விரல் பருமனுள்ள ஒரு சிறு குழாய் வழியாக, எஞ்சினுக்கும் ஆசனத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பைக் கடந்து, சாலையில் சொட்டுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கார்களின் அடியில் தண்ணீர் சொட்டுவது குற்றமே அல்ல; அது யந்திரத்தின் ஆரோக்கியத்திற்கு அடையாளம்.

வேடிக்கை என்னவென்றால், ஏ.ஸி. என்ற சாதனம் ஆதியில் மனிதனைக் குளிர்விப்பதற்காகப் பிறந்ததல்ல. காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிப்பதற்காகவே பிறந்தது. 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தினால் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தபடியால், வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் படங்கள் கெட்டுப் போயின. அதற்குப் பரிகாரமாக, குளிர்ந்த குழாய்களின் மீது காற்றைச் செலுத்தி ஈரத்தை வடிக்கும் ஏற்பாட்டை வில்லிஸ் காரியர் என்னும் வாலிப எஞ்சினீயர் வகுத்தார். வர்ணப் படங்களை விரும்பும் பத்திரிகை வாசகர்கள் அவருக்கு நன்றி செலுத்தலாம். காரில் இதை அமைத்து 1939-ல் உலகுக்குக் காட்டியது பாக்கார்டு கம்பெனி. அந்த வண்டியில் காயில் இருந்தது பின்புறத்துப் பெட்டியில். குளிர் போதுமென்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி வந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் ஆயிற்று. ஆனால் நீர் வடிகிற தத்துவம் மட்டும் அன்று போலவே இன்றும் இருக்கிறது.

குழாய் ஏன் அடைபடுகிறது?

காரின் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே புகுகிறது. மாமா தமது வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துவது வழக்கம். சித்திரையில் வேப்பம்பூ உதிரும். மற்றக் காலங்களில் சருகு. இவற்றின் பொடியும் சாலைத் தூசியும் காற்றோடு உள்ளே போய், ஈரமான காயிலில் ஒட்டி, தண்ணீரோடு இறங்கி, குழாயின் வாயில் சேறாகப் படிகின்றன. அந்த ஈரச் சேற்றில் பூஞ்சை வளர்ந்து வழுவழுப்பான பாசிபோல் ஆகிவிடுகிறது. ஏ.ஸி. பில்டர் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பகுதி அங்கேயே தடைபடும். மாமாவின் வண்டியில் அதைக் கழற்றிப் பார்த்தபோது, அது ஒரு சிறு எருக்குழி போல இருந்தது. சில சமயங்களில் குளவி கீழிருந்து குழாய்க்குள் மண் வீடு கட்டுவதும் உண்டு.

வைத்தியம் பார்ப்பதற்கு முன் நோயை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். வண்டிக்குள் ஈரம் என்றால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கலாம். மழைக்குப் பிறகு மட்டும் ஈரமானால், கதவிலோ கண்ணாடியிலோ உள்ள ரப்பர் விட்டிருக்கும். வர்ணமாகவும், விரலில் பிசுபிசுப்பாகவும், இனிப்பு வாடையுடனும் இருந்தால், அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். அது விஷமாகையால் குழந்தைகளை அண்டவிடாமல் உடனே மெக்கானிக்கிடம் போகவேண்டும். தெளிந்த தண்ணீராக, ஏ.ஸி. போட்ட நாட்களில் மட்டும், பெரும்பாலும் முன்னாசனத்தில் அமர்கிறவரின் காலடியில் வந்தால், சந்தேகத்துக்கு உரியது வடிகால் குழாய்தான். வண்டியைச் சமமான திறந்த இடத்தில் நிறுத்தி, ஏ.ஸி.யைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். புழுக்கமான நாளில் அடியில் ஒரு சொட்டும் விழவில்லையென்றால் சந்தேகம் ஊர்ஜிதமாகிறது. மூடிய கொட்டகைக்குள் மட்டும் எஞ்சினை ஓட்டாதீர்கள். அதன் புகை உயிரைக் குடிக்கும்.

வாசலில் நடந்த வைத்தியம்

சோதனை முடிந்தது. வாசல் காய்ந்து கிடந்தது. எஞ்சினை நிறுத்தி, அது நன்றாக ஆறும் வரையில் காப்பி அருந்திக்கொண்டிருந்தோம். சைலன்சர் குழாய் சுடும்போது பக்கத்தில் கையை நீட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் நுழைவதும் கூடவே கூடாது. நல்ல வேளையாக, பல வண்டிகளில் பானெட்டைத் திறந்தோ, முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தோ பார்த்தாலே குழாயின் நுனி தெரியும். பெரும்பாலும் வண்டியின் நடுவிலோ, இடது பக்கமாகவோ, எஞ்சின் தடுப்பிலிருந்து வளைந்து கீழ்நோக்கித் தொங்கும் சிறு ரப்பர் குழாய் அது. வண்டிக்கு வண்டி இடம் மாறுபடுமாகையால், வண்டியோடு வந்த கைப்புத்தகத்தையோ தெரிந்தவரையோ கேட்டுக்கொள்வது நல்லது.

மாமா குழாயைக் கண்டுபிடித்தார். நான் உற்சாகத்துடன் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினேன். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உள்ளே ஒடிந்துபோனால் அப்புறம் அதை எடுக்க எதை விடுவாய்?"

நியாயமான கேள்வி. கம்பியை விடலாமா என்றால், அது அதைவிட ஆபத்து. காயிலின் தகடுகள் காகிதம் போன்றவை. கூரான கம்பி பட்டுக் காயில் பொத்துக்கொண்டால், ரிப்பேர்க் கடைக்காரர் சொன்னது உண்மையாகவே ஆகிவிடும்.

முதலில் மாமா குழாயின் ரப்பர் நுனியை இரண்டு விரலால் பிடித்து, பால் கறப்பதுபோல் மெள்ளப் பிசைந்து விட்டார். சிறிது கறுப்புச் சேறு வந்தது. பிறகு மீன் பிடிக்க உதவும் தடித்த நைலான் நரம்பை ஒரு முழம் வெட்டி, அதன் முனையைத் தீயில் காட்டி மழுக்கி, குழாய்க்குள் நாலைந்து விரற்கடை மட்டும் செலுத்தித் திருகினார். தடை தட்டுகிற இடத்தில் பலவந்தம் செய்யவில்லை. எடுத்தும் விட்டும் பொறுமையாகத் திருகினார். நான் அடியில் ஒரு பேஸினை வைத்து, முகத்தை மட்டும் அருகில் வைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு. திடீரென்று "குபுக்" என்றது. ஒரு பெரிய செம்பு கொள்ளும் அளவு கறுத்த தண்ணீர், பாதி பேஸினிலும் பாதி என் சட்டையிலும் பாய்ந்தது. உள்ளே வேப்பம்பூவின் காம்புகள் மிதந்தன.

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

நரம்புக்கு மசியாத அடைப்பாக இருந்தால், தண்ணீரையும் உறிஞ்சக்கூடிய தூசி உறிஞ்சும் யந்திரத்தைக் கீழ் நுனியில் வைத்து இழுக்கலாம். ஊதுவதைவிட உறிஞ்சுவதே சிலாக்கியம். பங்க்சர்க் கடையின் பலமான காற்றைக் கீழிருந்து விட்டால், சேறு மறுபடி பெட்டிக்குள் ஏறிவிடும். குழாயே கழன்றுகொள்ளவும் கூடும். வாயால் உறிஞ்சலாமா என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வடிகால் திறந்ததோடு வேலை முடியவில்லை. கால் விரிப்பின் கீழே கார்ப்பெட், அதன் கீழே பஞ்சு. அது எவ்வளவு தண்ணீரைக் குடித்திருந்தது என்பது கையால் அழுத்தியபோதுதான் தெரிந்தது. அப்படியே விட்டால் வாடையும் பூஞ்சையும் போகாது, அடித்தகடு துருப்பிடிக்கும், அங்கே ஓடும் மின்சார இணைப்புகளும் கெடும். ஆகையால் துணியால் ஒற்றி எடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கி அண்டை கொடுத்து, நான்கு கதவுகளையும் திறந்து வைத்தோம். மாலை வரையில் வெயிலும், இரவில் ஒரு மேஜை விசிறியும் மீதி வேலையைச் செய்தன. பில்டர் மிகவும் பழுதாயிருந்தபடியால் கடைத்தெருவில் புதிது வாங்கிப் பொருத்தினோம். மொத்தச் செலவு அந்தப் பில்டரும், என் சட்டைக்குச் சோப்பும்தான்.

இத்தனை செய்தும் உள்ளே தண்ணீர் வந்தால், குழாய் பெட்டியிலிருந்து நழுவியிருக்கலாம், பெட்டி வெடித்திருக்கலாம். அப்போது மெக்கானிக்கிடம் போவதே முறை. வாயு ஓடும் உலோகக் குழாய்களை வீட்டில் ஒருபோதும் அவிழ்க்கக் கூடாது. அதில் அழுத்தம் அதிகம்.

ஏரி வாரியம் சொல்லும் பாடம்

மறுநாள் விடியற்காலையில் பாட்டியம்மாள் வண்டியில் ஏறினார். மாமா திரும்பி வந்ததும் முதலில் நான் கேட்டது அதைப் பற்றித்தான். "வழி நெடுகத் தூங்கிக்கொண்டே வந்தார்" என்றார் மாமா. ஒரு டிரைவருக்கு இதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமோ?

அன்று மாலைதான் மண்டபத்துக்குப் போனேன். தேர்தல் முறைக்காக உலகம் புகழும் அந்தச் சாசனத்தில், முதல்நாள் அநுபவத்தின் பயனாக, என் மனம் சென்றது வேறொரு வரிசையில். முப்பது குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் என்று அங்கே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பதவிக் காலம் 360 நாட்கள். ஏரியைக் கவனிப்பதற்கென்றே வருஷந்தோறும் ஆறு பேர்! இவ்வூர் ஏரிக்குப் பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்று பெயர் இருந்தது. அதில் படியும் வண்டலை எடுப்பதற்காகப் பொன் அளித்ததையும் இவ்வூர்க் கல்வெட்டுகள் கூறுகின்றன.

ஏரி வெட்டுவது ஒருமுறை செய்யும் காரியம். வண்டல் எடுப்பதும், மதகையும் கலங்கலையும் அடைப்பின்றி வைத்திருப்பதும் வருஷந்தோறும் செய்யவேண்டிய காரியம். முன்னதற்குப் புகழ் உண்டு, பின்னதற்கு இல்லை. ஆயினும் பின்னதை மறந்த ஊரில் முன்னது நிலைப்பதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் அதற்கு ஆட்களை நியமித்தார்கள், தவணை வைத்தார்கள், பொன்னும் வைத்தார்கள். காருக்கும் அதே விதிதான். வண்டி வாங்கிய நாளில் மாலை போட்டுப் பூசணிக்காய் உடைக்கிறோம். விரல் பருமனுள்ள ஒரு குழாயை வருஷத்துக்கு ஒருமுறை குனிந்து பார்ப்பதற்குத்தான் மறந்துவிடுகிறோம்.

மாமா அன்றே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். வருஷந்தோறும் வேப்பம்பூ உதிர்ந்து ஓய்ந்ததும் பில்டரைக் கழற்றித் தட்டுவது, குழாயின் நுனியைப் பிசைந்து விடுவது. தினந்தோறும் வீடு சேருவதற்கு மூன்று நான்கு நிமிஷம் இருக்கும்போது ஏ.ஸி.யை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிடுவது. காயில் உலர்ந்துவிட்டால் பூஞ்சைக்கு இடம் குறையும். இவ்வளவுதான் அவருடைய வாரியத்தின் கடமைகள். நம் தேசத்தில் 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் அறைக்கும் ஏ.ஸி. கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் இந்தக் கடமைகளை லாரி ஓட்டுகிற சகோதரர்களும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நான் ஊருக்குப் புறப்பட்ட காலையில் அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியின் அடியில் ஈரமான ஓர் இடம். அவள் அதைப் பார்த்தாள். சண்டைக்குப் போகவில்லை. அந்த இடத்தை விட்டு இரண்டடி தள்ளிப் புள்ளி வைத்தாள்.